அரை நிரை நேரம்

முதலில் வாசம்தான் வந்தது.
அடிப்பிடித்த தேயிலைத்தூளின் கருகல்,
ஆறு வருசமாய்ப் பூட்டிக்கிடக்கும் ஸ்டோரின் பக்கமிருந்து.
அடுத்த காம்பராவில் கேட்டேன்.
"ஒன்னும் இல்லையேக்கா, மழ வாசந்தான்" என்றாள் புவனா.
பிறகு இடது கை
என்னைக் கேட்காமல் கோப்பையை விட்டது.
தேத்தண்ணி கொட்டிக் கால் எரிந்தது.
கை சும்மா இருந்தது,
வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல.

அருள்ராஜின் ஆட்டோவில் டிக்கோயா ஆஸ்பத்திரி.
பனிக்குள் முடக்குக்கு முடக்கு
அவன் ஹோர்ன் அடித்தான்,
நான் விரல்களை எண்ணினேன்.
ஐந்தும் இருந்தன.
மூன்றில்தான் ஆளிருந்தது.

"கொஹேத ரிதென்னே?"
எங்கே வலிக்குது என்கிறார் டொக்டர், சின்னப் பெண்,
கண்ணுக்குக் கீழே இரண்டு நாள் தூக்கம் பாக்கி.
வலிக்குச் சிங்களம் எனக்குத் தெரியும்.
முதுகு, முழங்கால், பல், இரண்டு பிரசவம்,
எல்லாம் இதே ஆஸ்பத்திரியில் சொன்னவள்தான்.
இது வலிக்கவில்லை.
வலிக்காததைச் சொல்லத் தமிழிலேயே திக்கினேன்:
"கை இல்லாம போச்சு. அப்பறம் வந்துருச்சு."
அட்டன்டன் சிவனு அதைச் சிங்களமாக்கினான்.
நான் சொன்னதைவிட நீளமாயிருந்தது.

எவ்வளவு நேரம்?
"அரை நிரை கொழுந்து எடுக்கிற நேரம்."
சிவனு ஒருகணம் என்னைப் பார்த்தான்.
அவன் அம்மாவும் மலைக்குப் போனவளாய் இருக்கும்.
"விநாடி தஹயக்" என்றான்.
சிங்களத்தில் விநாடி என்றால் நிமிசம்.
தெரிந்தும் திடுக்கிட்டேன்,
நான் பயந்ததெல்லாம்
பத்து நொடியாய்ச் சுருங்கிவிட்டதோ என்று.

தராசில் ஏறச் சொன்னார்கள்.
நாற்பத்து மூன்று.
கழிப்பார்கள் என்று நின்றேன்,
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு இரண்டு.
யாரும் கழிக்கவில்லை.
முழு எடையையும் எனக்கே எழுதினார்கள்.

இரண்டு கையையும் தூக்குங்க.
என் விரலை இறுக்குங்க.
இப்ப சிரிங்க.
நடுச்சாமத்தில், முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்து,
நெஞ்சு படபடக்க,
வாய் கோணவில்லை என்று காட்ட
சிரித்தேன்.
பதிலுக்கு அவரும் லேசாய்ச் சிரித்துவிட்டு
அதையும் எழுதிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் குளவி கொட்டிய பெண்,
மேல்கணக்குத் தோட்டம், பேர் செல்வநிதி.
கழுத்தில் நாலு, முதுகில் ஏழு, காதுமடலில் ஒன்று.
டொக்டர் விரல் வைத்து எண்ணுகிறார்,
மருந்து ஏறுகிறது, வீக்கம் வடிகிறது.
அவள் முனகும்போது பாவமாயிருந்தது.
பொய் சொல்லக்கூடாது,
பொறாமையாயும் இருந்தது.

நெஞ்சில் சில்லென்று எதையெதையோ ஒட்டினார்கள்.
வந்த தாளை டொக்டர்
மேலிருந்து கீழே பார்த்தார்,
பிறகு கீழிருந்து மேலே.
"நோர்மல்" என்றார்.
இரத்தமும் நோர்மல், சீனியும் நோர்மல்.
தலைக்கு ஸ்கேன் கண்டியில்,
இருபத்து மூன்று நாள் கழித்துத் திகதி.
"மறுபடி வந்தா ஒடனே வரணுமாம்," என்றான் சிவனு.
எது, என்று கேட்டேன்.
அதை அவன் சிங்களமாக்கவில்லை.

துண்டு முழுக்க இங்கிலீசு.
கடைசி வரியில் ஒரு கேள்விக்குறி.
அது மட்டும் எனக்கு வாசிக்கத் தெரிந்தது.

விடியும் முன்னே விட்டுவிட்டார்கள்.
பெரட்டுக்கு இன்னும் முக்கால் மணி.
போனால் ஒரு பேர்,
பிந்தினால் அரைப்பேர்,
கேள்விக்குறிக்கு லீவு உண்டா என்று
கங்காணியிடம் கேட்டுப் பார்க்கலாம்.
இறக்கத்தில் திரும்பும்போது
மறுபடி அந்தக் கருகல்.
"அருளு, என்னமோ கருகுதா?"
அவன் மூக்கை உறிஞ்சினான்.
"ஆமாக்கா. பிரேக்கு."

அப்படியொரு நிம்மதி.
வலது கை, கூட்டத்தில் பிள்ளையைப் பிடிப்பது போல
இடது கையைப் பிடித்துக்கொண்டது.
இறக்கம் முடிந்தது.
தட்டையான ரோட்டில் ஆட்டோ லேசாய் ஓடியது.
வாசம் போகவில்லை.
இரண்டாந்தரம் அவனிடம் கேட்கவில்லை.