நாக்கின் எடை

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு,
வெள்ளையும் மஞ்சளுமாய்.
ஆட்களும் சாமானும் சேர்ந்து
அறுநூற்று நாற்பத்திரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது.
ஒன்பது வருஷமாய் அதை உரசி இறங்குகிறோம்,
இன்றைக்குத்தான் படிக்கிறோம்.

"நாலு டன் இழுக்கும்னு சொன்னானே விற்றவன்"
என்கிறான் ஒரெஸ்ட்.
இழுக்கும்.
இழுப்பது வேறு, சுமப்பது வேறு.
ஸ்விஃப்ட் கரண்ட் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில்
இருபத்திரண்டு அறுவடை உட்கார்ந்தவள் நான்.
லாரி நிறைந்து வரும்போது ஒரு முறை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு முறை,
இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எழுதிக் கொடுத்தவள்.
என்னிடம் விளம்பரம் பேசாதே.

ட்ரெய்லர் பின்னால்தான் வருகிறது,
ஆனாலும் தன் நாக்கை நீட்டி
வண்டியின் முதுகில் வைத்துவிடுகிறது.
நரம்பில்லாத நாக்கல்ல, இரும்பு.
புரட்டிப் பேசத் தெரியாது.
இரண்டாயிரத்து எழுநூறில் நூற்றுக்குப் பன்னிரண்டு:
முந்நூற்று இருபத்து நாலு.
கொக்கியும் கம்பிகளும் நாற்பது.
மீதி இருநூற்று எழுபத்தெட்டு.

கரண்ட் பில் உறையின் முதுகில் பென்சில் ஊர்கிறது.
நாய், முப்பத்தொன்று.
நான், எழுபத்து நாலு (கோட்டு இல்லாமல்).
"நீ?"
"தொண்ணூற்றெட்டு. எப்பவும் அதுதானே."
எழுபத்தைந்து கிலோ மிச்சம்.
அதற்குள் எதை அடக்குவது?
பின்கூண்டின் மேல்மூடி மட்டுமே எண்பத்திரண்டு.
இன்னும் விறகு,
அவன் அக்கா ஓல்கா போட்டுத் தந்த பீட்ரூட் ஊறுகாய், பதினெட்டு ஜாடி.
"ட்ரெய்லர்ல வச்சுடலாம்" என்கிறான்.
வைத்தால் நாக்கு இன்னும் கனக்கும்.

குளியலறைத் தராசைக் கொண்டுவந்து சிமெண்டில் வைத்தேன்.
விறகு தனியாக நிற்காது என்பதால்
கட்டை அணைத்துக்கொண்டு அவனே ஏறினான்.
நூற்று ஆறு.
தொண்ணூற்றெட்டைக் கழித்தால்
விறகு எட்டு கிலோ.
காய்ந்த பைன்தான்.
ஆனாலும் எட்டு இல்லை.

"கட்டை இறக்கிட்டு ஏறு."
ஏறினான். முள் ஆடி நின்றது.
எண்பத்தொன்று.
பெல்ட்டில் அவன் ஆணியால் குத்திக்கொண்ட இரண்டு ஓட்டைகளை
அப்போதுதான் பார்த்தேன்.
புல்வெளிக் காற்று உறையைத் தூக்கப் பார்த்தது.
"வண்டிக்கு நல்லதுதானே" என்றான்,
"பதினேழு கிலோ லாபம்."

மேல்மூடியை அடித்தேன்.
விறகை அடித்தேன். ஓல்கா கோபித்துக்கொள்வாள், ஜாடிகளையும்.
தொண்ணூற்றெட்டை அடிக்கவில்லை.
யாருக்காகவும் ஒரு கிலோ
கூட்டி எழுதாத கை இது.

"மலைக்கு முன்னாடி ரெஜைனா போறோம்" என்றேன்.
அங்கே என்ன என்று அவன் கேட்கவில்லை.
நாய் ஏற்கெனவே ஏறி
பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது,
தன் முப்பத்தொன்றோடு.