நூற்றறுபது வாட்

திம்மராயப்பா வீட்டு மீட்டரிலிருந்து
என் புழு மனைக்கு முந்நூறு மீட்டர்.
நடுவில் ராகிக் கொல்லை, ஒரு புளியமரம்,
தளி ரோட்டுக்குப் போகும் வண்டித்தடம்,
ஏழு மூங்கில் கம்பம்.
எங்கிருந்தோ கழற்றி வந்த அலுமினிய ஒயர்
அதன் மேல் தொய்ந்து தொய்ந்து வருகிறது.

மார்கழி. வெளியே பன்னிரண்டு டிகிரி.
புழுக்களுக்கு மூன்றாம் ஜுரம்.
ஜுரம் என்று பெயர்தான், தொட்டால் சில்லென்றிருக்கும்.
தலையைத் தூக்கிக்கொண்டு
தழையைத் திரும்பிப் பார்க்காமல் நிற்கும்.
அதற்கு வேண்டியது இருபத்தைந்து.
இருபத்தொன்றைத் தாண்ட மாட்டேன் என்கிறது தெர்மாமீட்டர்.
ஹீட்டர் புதுசு, ஓசூரில் பில் போட்டு வாங்கியது.
முதுகில் அடித்திருக்கிறது:
230 வோல்ட், 1000 வாட்.

கெலமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் சபியுல்லாவிடம்
கிளாம்ப் மீட்டர் வாங்கி வந்தேன்.
ரெண்டு ராத்திரிக்கு எண்பது ரூபாய்.
"பனியில நனைஞ்சா ரெண்டாயிரம்."

அங்கே, அவர் வீட்டு பிளக்கில், 230.
இங்கே, என் பிளக்கில், 184.
கம்பியைக் கவ்விப் பார்த்தால் கரண்ட் 3.48.

காலண்டர் தாளின் பின்பக்கம்
தழைப் பச்சை ஒட்டிய விரலால் போட்டேன்.
184ஐ 3.48ஆல் வகுத்தால் 52.9 ஓம்.
முதுகில் அடித்ததை வைத்துப் போட்டாலும்,
230ஐ 230ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்,
அதே 52.9.
ஹீட்டர் பொய் சொல்லவில்லை.
அதன் பிடிவாதம் எங்கே போனாலும் ஒரே அளவு.
வகுத்ததைப் பெருக்கினேன்:
640 வாட்.
ஐந்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்ததற்கு
மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூடு போய்விட்டது.
இதைப் பள்ளியில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.
குளிரும் என்று அதில் இல்லை.

மிச்ச 46 வோல்ட் ஒயருக்குள்.
46ஐ 3.48ஆல் பெருக்க, 160 வாட்
ராகித் தாளுக்கும் புளியமரத்துக்கும் பனிக்கும்
ராத்திரியெல்லாம் கணப்பு மூட்டுகிறது.

காலையில் பால் ஊற்ற வந்தவரிடம் கேட்டேன்.
"அண்ணா, உங்க மீட்டர்ல ஓடுறது எண்ணூறு.
எனக்கு வந்து சேர்றது அறுநூத்தி நாப்பது.
வழியில சிந்துனதுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?"

கேனை இறக்கிவைத்துவிட்டு யோசித்தார்.
"சிந்துனது யாருக்காகம்மா போச்சு?
நீ சுவிட்சப் போடாத ராத்திரி
என் ஒயர் ஒரு வாட் தின்னுமா?"

தின்னாது.
கரண்ட் சைபர் என்றால் இழப்பும் சைபர்.
யூனிட்டுக்குப் பத்து ரூபாய், பேசினபடியே.

அன்று ராத்திரி டார்ச்சோடு கம்பம் கம்பமாக நடந்தேன்.
ஐந்தாவது கம்பத்தில் பாலிதீன் சுற்றிய முடிச்சு.
ஒயர் முழுக்கப் பனி சொட்ட
அந்த முடிச்சு மட்டும் காய்ந்திருந்தது.
அதன் மேல் வயிற்றை அழுத்தி ஒரு பல்லி.
காலிக் கேன் மேல் ஏறி, குச்சியால் பாலிதீனை விலக்கி
மீட்டர் முனைகளை வைத்தேன்.
ஒரு விரற்கடை நீளத்தில் ஏழு வோல்ட்.
ரெண்டு ஓம். இருபத்து நாலு வாட்.
நான் காசு கொடுத்து இரவல் வாங்கித் தேடியதை
அது வயிற்றால் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

மெயினை அணைத்து, கறுத்ததைச் சுரண்டி,
கனெக்டர் போட்டு முறுக்கினேன்.
அறுநூற்று எண்பத்தொன்று!
நாற்பத்தொரு வாட் லாபம்.
அவர் மீட்டரும் சும்மா இல்லை,
இருபத்தைந்து ஏறி ஓடியது.
தெர்மாமீட்டர் இருபத்திரண்டுக்கு வந்து நின்றது.

நாலாம் நாள் விடியலில்
ஜுரம் தெளிந்த புழுக்கள் தழை அறுக்கும் சத்தம்.
கீழ்த்தட்டின் ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு
தழை அப்படியே இருந்தது, புழு இல்லை.

ஹீட்டருக்குப் பின்னால், சுவரில்,
வயிறு புடைக்கக் குளிர் காய்ந்துகொண்டிருந்தது.
ஐந்தாவது கம்பத்திலிருந்து இதுவரை வந்ததில்
அது ஒன்றையும் இழந்ததாகத் தெரியவில்லை.