முதுகு

சாப்டூர் சோதனைச் சாவடியில் பையைத் துழாவினார்கள்.
மிக்சர் பொட்டலம் அங்கேயே தங்கிவிட்டது.

மேலே,
மழை விட்டும் மரங்கள் விடாமல் சொட்டிய இடத்தில்
காவலர் ஒச்சப்பன் விரலை உதட்டில் வைத்தார்.
தீக்காக்கை.
நெஞ்செல்லாம் சிவப்பு என்று படத்தில் பார்த்திருக்கிறேன்.
இது முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது,
காய்ந்த இலை நிறத்தில்.
இரவல் பைனாகுலரில் மூச்சு படிந்தது. துடைத்தேன்.
முக்கால் மணி நேரம்.
திரும்பவில்லை.
"நாம நிக்கிறது அதுக்குத் தெரியும் சார்."
குறையாகச் சொல்லவில்லை அவர்.

பேரையூர் பஸ்ஸில் ஷூவைக் கழற்றினால்
அட்டை எப்போதோ குடித்து இறங்கிப் போயிருக்கிறது.
சாக்ஸில் உள்ளங்கை அகலத்துக்குச்
சிவப்பு.

கண்டக்டர் சில்லறை கேட்டுக்கொண்டே நிற்க
நோட்டில் எழுதினேன்:
தீக்காக்கை, ஒன்று.
முதுகு மட்டும்.