காளான் வருடம்

ஸ்னோசா மலைப்பட்டியில்
கொம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறான் யாக்கோ.
கலைமானின் பின்தொடையில் கருவியை அழுத்தி
ஒரு நிமிடம் எண்ணுகிறாள் ரிஸ்டின்.

முப்பது ஆண்டில் பாதி,
அடுத்த முப்பதில் பாதியின் பாதி.
சீசியத்தின் கணக்கு அவளுக்கு மனப்பாடம்.
அந்த ஏப்ரல் மழையில் நனைந்து வீடு வந்தபோது
வயது ஒன்பது.
அப்பா வெட்டிய இறைச்சி முழுக்க
நீலச் சாயம் பூசிக்கொண்டு
குழிக்குள் போனது.

போன இலையுதிர்காலம் எண் சரிந்தது;
காப்பியில் பாலாடைக்கட்டி மிதக்கவிட்டுக் குடித்தார்கள்.
இந்த முறை நல்ல ஈரம்,
பிர்ச் மரத்தடியெல்லாம் காளான்,
மந்தைக்குக் கொண்டாட்டம்.

எண் ஏறி நிற்கிறது.

"இறங்கத்தானே வேணும்?"

பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுகிறாள்.
"ஆறு வாரம் வைக்கோல் இதுக்கு.
கொம்பை விடு.
அடுத்ததைப் பிடி."