ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும்

பி.எஃப். முன்பணப் படிவத்தில்
காரணங்கள் வரிசையாய் இருந்தன:
திருமணம், மருத்துவம், மனை, வீடு பழுதுபார்த்தல்.
மலை இல்லை.
வீடு பழுதுபார்த்தலில் டிக் போட்டேன்.
முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது.

மீதிக்கு ரெஜினாவின் சீட்டைத் தள்ளி எடுத்தோம்.
நாலு லட்சத்து இருபதாயிரம்.
இதில் கார்கிலிலிருந்து ஜீப் உண்டு, கூடாரம் உண்டு,
காலையில் முட்டை உண்டு.
ஹெலிகாப்டர் இதில் சேராது.

ஸ்டான்சின் போனில் கேட்டார்,
அவர் இந்தி மெதுவாக, என் இந்தி அதைவிட மெதுவாக:
கயிற்றில் பழக்கம் உண்டா?
இருபத்திரண்டு வருஷம், என்றேன்.
எவ்வளவு உயரம்?
பதினாலு மாடி.
கொஞ்ச நேரம் லைனில் காற்று மட்டும்.
லிஃப்ட் மெக்கானிக், என்றேன்.
ஊர் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு?
ராயபுரம். நாலு மீட்டர் இருக்கும்,
மழை வந்தால் அதுவும் இல்லை.
சிரித்தார்.
நுன் ஏழாயிரத்து நூற்று முப்பத்தைந்து, என்றார்,
உங்களுக்கு ஒரு மீட்டர்கூடத் தள்ளுபடி கிடையாது.

பெரம்பூர்க் குடியிருப்பில், ஷிப்ட் முடிந்ததும்,
இருபது லிட்டர் கேனை முதுகில் கட்டி
பி பிளாக் படியில் ஆறு தரம் ஏறி இறங்குகிறேன்.
மூன்றாம் நாளே கம்பெனிக்குப் புகார்:
சர்வீஸ் செய்தவனே லிஃப்டில் ஏற மாட்டேன் என்கிறான்,
அவனுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது.
எழுத்தில் விளக்கம் கேட்டார் சூப்பர்வைசர்.
உடற்பயிற்சி, என்று எழுதிக் கொடுத்தேன்.
ஒன்பதாம் மாடி வக்கீலம்மா
இன்னும் படியில்தான் போகிறார்.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிறு,
ரெஜினா கணக்கெழுதும் ஐஸ் ஃபாக்டரியிலிருந்து
மீனுக்கு வைக்கிற பார் ஒன்றில் பாதி,
கோணியில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி,
மொட்டைமாடிக்கு.
வாடகைக்கு வந்த பூட்ஸ். அதன் அடியில் இரும்புப் பற்கள்.
முன்பல் இரண்டையும் குத்தி நின்றேன்:
விரலுக்குக் கீழே பனி,
தலைக்கு மேல் நாற்பத்தொரு டிகிரி.
தடித்த கையுறையோடு எட்டு முடிச்சு போட்டேன்.
அவிழ்த்தேன். போட்டேன்.
பக்கத்து மாடியில் கருவாடு திருப்ப வந்தவள்
அது என்னா மீனு, என்றாள்.
ஐஸ்தான், என்றேன்.
மதியத்துக்குள் என் மலை
அம்மிக்கல்லாகி, குழவியாகி,
மாடிக் குழாய் வழியே தெருவுக்கு இறங்கியது,
வஞ்சிரம் வாசத்தோடு.

இரவு ஒப்பந்தத்தை ரெஜினாதான் சத்தமாகப் படித்தாள்.
பதினேழாம் பிரிவு: இறப்பு நேர்ந்தால்
உடலை இறக்கும் செலவு தனி.
பக்கத்தில் இரண்டு கட்டம்,
வேண்டும், வேண்டாம்.
பேனா மூடியைக் கடித்தாள்.
ஏத்துறதுக்கு ஒரு ரேட்டு, எறக்குறதுக்கு ஒரு ரேட்டா?
உங்க லிஃப்டுல அப்படியா?
ஒரே கயிறுதான்,
மறுமுனையில் எதிர் எடை தொங்கும், அது இறங்கினால்தான்
இது ஏறும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
டிக் போடாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

பத்தொன்பதாம் பிரிவு: உச்சி நாளில்
எங்கே நின்றுகொண்டிருந்தாலும், பத்தடியே மிச்சம் என்றாலும்,
பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.
இதை இரண்டு தரம் படித்தாள்.
பிறகு என் போனை எடுத்து
ஸ்டான்சினை அவளே கூப்பிட்டாள்,
ஃபாக்டரியில் பீகார்ப் பையன்களிடம் பிடித்த இந்தியில்.
ஏக் பஜே. ஏக் பஜே வாபஸ்.
அந்தப் பக்கம் ஹாஞ்சி, ஹாஞ்சி.
ஏக் பஜே, என்றாள் மறுபடி,
பாக்கி வசூலிக்கிற குரலில்.
காலண்டரில் ஆகஸ்ட் ஒன்பதைத் தேடிப் பிரித்து
ராகுகாலத்துக்கு மேலே ‘1’ என்று எழுதினாள்.

கட்டம் இரண்டும் இன்னும் காலி.
கொரியர்காரன் பத்து மணிக்கு வருவான்.
அதற்குள் போன்: பி பிளாக்கில்
யாரோ மாட்டிக்கொண்டார்களாம்,
ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில்.
படியில் ஓடுகிறேன்,
கேன் இல்லாத முதுகு
யாருடையதோ போலிருக்கிறது.