நாலரை அங்குலம்

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
எனக்கும் ஜெசிந்தாவுக்கும் நடுவே
நாலரை அங்குலச் சுவர்.
கேபிள்காரன் போட்ட துளையில்
கேபிள் போக மிச்சம் இருந்தது இடம்:
கருவாட்டு வாசம், அவள் பையனின் இருமல்,
ஒருமுறை, சுருட்டிய ஐம்பது ரூபாய்.

காலேஜ் லேபில் வெங்காயத் தோலை
ஸ்லைடில் விரிப்பது என் வேலை.
செல் சுவரிலும் துளை உண்டாம்;
எங்கள் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது.
சர்க்கரை போகும். சேதி போகும்.
அதே வழியில் வைரசும்.
காயம் பட்டால்
செல்லே அடைத்துக்கொள்ளுமாம்.

தண்ணி லாரி வரிசையில்
என் குடத்தை நகர்த்திவிட்டாள்.
அன்று ராத்திரி
துளையில் பேப்பரைத் திணித்தேன்.

மணலிப் பக்கமிருந்து காற்று.
கண் எரிந்து விழித்தால்
பேப்பர் தரையில் கிடக்கிறது,
துளையில் துடைப்பக் குச்சி ஆடுகிறது.
"ஜன்னல சாத்துடி, கேஸ் நாத்தம்."