பின்சீட்டுச் சாட்சி

என் போனிலிருந்து போடச் சொன்னார் ஆய்வாளர் அம்மா.
அவர் பெயரைத் திரையில் பார்த்தால்
எவனும் வருவதில்லையாம்.

ஓசூர் பேருந்து நிலையம் முதல்
சூசூவாடி சோதனைச்சாவடி வரை,
அறுபத்து மூன்று ரூபாய்.
நான்கு நிமிடத்தில் வருகிறார் திம்மராஜ் என்றது.
ஒன்பது ஆனது.
ராயக்கோட்டை ரோட்டில்
ரோஜா ஏற்றிய வேன் குறுக்கே நின்றுவிட்டதாம்.
இறங்கி நின்று மன்னிப்புக் கேட்டான்.

வெள்ளை நம்பர் பலகை.
மஞ்சளாக இருந்திருந்தால்
நான் வந்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு நீட்டிய ஹெல்மெட்டுக்குள்
ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருந்தான்.
"காலையில தொவைச்சதுண்ணா."
பார் சோப்பு வாசம், இன்னும் ஈரம்.

ஊர்க்காவல் படையில் எனக்கு நாள்கூலி.
சாலை மறிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்,
கயிறு கட்ட, விசில் ஊத.
பயணியாக உட்காரச் சொல்லித்தரவில்லை.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மூக்கண்டப்பள்ளி வருவதற்குள் பேச ஆரம்பித்தான்,
பாதி தெலுங்கு, பாதி தமிழ்,
கொஞ்சம் காற்று எடுத்துக்கொண்டது.
ஊர் கெலமங்கலம் பக்கம்.
கம்பெனியில் நைட் ஷிப்ட், காண்ட்ராக்ட்.
விட்டதும் நேரே இந்த வேலை.
"தூங்கலாம்ணா, வண்டி டியூ தூங்காதே."
பார்டர் தாண்டி சவாரி எடுப்பதில்லையாம்.
"அந்தப் பக்கம் புடிக்கிறாங்க.
நம்ம பக்கம் பரவால்ல."

நான் மலைக்கோயில் இருந்த திசையில் திரும்பிப் பார்த்தேன்,
லாரிகள் மறைத்துவிட்டன.

போன வாரம் ஸ்டாண்டிலிருந்து வந்த எல்லப்பா
பர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும்
மேசைமேல் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி
"நான் மட்டும் எதுக்கு சார் கட்டணும்" என்று கேட்டார்.
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஜீப் தெரிந்ததும்
சொல்லிக்கொடுத்தபடி தோளில் இரண்டு தட்டு.

"இங்கேயாண்ணா?
இன்னும் முந்நூறு மீட்டர் காட்டுதே."

இங்கேதான்.

அம்மா சாவியை உருவினார்.
போனை வாங்கிப் பையில் போட்டார்.
கெஞ்சுவான் என்று நினைத்தேன்.
அவன் என்னைக் காட்டி,
"மேடம், இவரை மட்டும் ஒரு ஆட்டோவுல ஏத்தி விட்டுடுங்க,
வேலைக்குப் போறவரு" என்றான்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
டிரைவர் கோபிநாத் தாளை நீட்டினார்.
ஜீப் பானெட்டின் சூட்டில் வைத்து,
சாட்சி என்ற இடத்துக்கு நேரே
என் பெயர், அப்பா பெயர், கையெழுத்து.
எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு கையை நீட்டினான்.
எனக்குப் புரியவில்லை.
"ஹெல்மெட்டுண்ணா."
அதுவரை கழற்றாமலே இருந்திருக்கிறேன்.

ஆதாரம் கெடும், காசு கொடுக்காதே என்றிருந்தார்கள்.
கொடுக்கவில்லை.

இரவு பதினொன்றரை.
பயணத்தை முடித்துவைக்க அவனிடம் போன் இல்லை.
என் திரையில் அந்தச் சின்ன வண்டி
சாவடிக்கு முந்நூறு மீட்டர் முன்னால்
அசையாமல் நிற்கிறது.
நீங்கள் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்கிறது.